பத்தாம் வகுப்புக்குப் பின்: பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில நாட்களுக்குள், தமிழ்நாட்டில் பல லட்சம் குடும்பங்கள், பள்ளி அலுவலகத்தில் நீட்டப்படும் ஒரு விண்ணப்பத் தாளில், தங்கள் பிள்ளை இனி எதைப் படிக்கப் போகிறது என்பதையும், அதனினும் பாரதூரமாக, எதை இனி ஒருபோதும் படிக்காமல் விடப் போகிறது என்பதையும் நிச்சயம் செய்தாக வேண்டியிருக்கிறது. "ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா?" என்று அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்விக்கு விடை, மதிப்பெண் பட்டியலைப் பார்த்தோ, மாமாவும் சித்தப்பாவும் சொல்லும் அபிப்பிராயத்தைக் கேட்டோ, அந்தப் பள்ளியில் எந்தப் பிரிவில் இடம் மிஞ்சியிருக்கிறது என்பதை அனுசரித்தோ சொல்லப்பட்டு விடுகிறது. ஒரு வீட்டு மனையை வாங்குமுன் பத்திரத்தை நாலு பேரிடம் காட்டி விசாரிக்கிற நிதானம், பதினைந்து வயதுக் குழந்தையின் புத்தி எந்தத் திசையில் வளரவேண்டும் என்ற விஷயத்தில் நமக்கு இல்லாமற் போவது மிகவும் வருந்தத்தக்கது.

இந்த அத்தியாயம் அந்தத் தீர்மானத்துக்குத் துணை செய்வதற்காக எழுதப்படுகிறது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது நிரம்பும் வரையில் ஒரு மாணாக்கருடைய கல்வி விசாலமாக இருக்க வேண்டும். அதற்குள் ஏதேனும் ஒரு பாடத்தில் அடிவரை சென்று பார்க்கும் அனுபவமும் அவருக்குக் கிட்ட வேண்டும். ஆனால் அந்த ஆழத்தை விலைக்கு வாங்குவதற்காக மற்றக் கதவுகளைச் சாத்திவிடும் காரியத்தை, வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்தில் அன்றி, எந்தப் பெற்றோரும் செய்யலாகாது. நம்முடைய ஏற்பாடு இவ்விரண்டில் ஆழத்தையும் முழுதாகத் தருவதில்லை, விசாலத்தையும் காப்பதில்லை. ஆகையால் பள்ளி தராததில் ஒரு பகுதியை வீடு தரவேண்டிய அவசியம் நேர்ந்திருக்கிறது.

பிரிவுகள் வந்த விதம்

1952-இல் மத்திய அரசாங்கம் நியமித்த இடைநிலைக் கல்விக் கமிஷனுக்குத் தலைமை தாங்கியவர், அந்நாளில் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் தேர்ந்த வைத்தியராகவும் விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். ஏட்டுப் படிப்பு ஒன்றையே எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுத்து வந்த உயர்நிலைப் பள்ளியை மாற்றிப் பல்நோக்குப் பள்ளிகளை நிறுவ வேண்டும் என்றும், அவற்றில் மானிட சாஸ்திரங்கள், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்று ஏழு பிரிவுகள் அமைய வேண்டும் என்றும் அந்தக் கமிஷன் 1953-இல் சிபாரிசு செய்தது. ஆயினும் எந்தப் பிரிவை எடுத்துக்கொண்டாலும், மொழிகளும், சமூகவியலும், கணிதம் சேர்ந்த பொது விஞ்ஞானமும், ஒரு கைத்தொழிலும் எல்லோருக்கும் பொதுவான பாடங்களாகத் தொடர வேண்டும் என்பது அந்தச் சிபாரிசின் உயிர்நிலையான அம்சமாக இருந்தது. பின்னர் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், முதற் பத்தாண்டுகள் யாவருக்கும் ஒரே பொதுக் கல்வி, அதன்மேல் இரண்டாண்டு மேல்நிலை, அதற்குமேல் மூன்றாண்டுப் பட்டப் படிப்பு என்ற அமைப்பை வகுத்தது. தமிழ்நாடு 1978-இல் மேல்நிலை வகுப்புகளைத் தொடங்கிற்று, பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி.யும், அதன்பின் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி.யும் படித்துவந்த முறை மறைந்து, முதலாவது பிளஸ் டூ பரீட்சை 1980-இல் நடந்தது.

இவ்வாறு வந்த மேல்நிலையில், பொதுப் பாடங்களாக எஞ்சியவை இரண்டு மொழிகள் மட்டுமே. ஆறு பாடங்களில் மற்ற நான்கும், எந்தப் பிரிவாக இருந்தாலும், பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பௌதிகம், ரசாயனம், கணிதம், உயிரியல் படிக்கும் மாணவன் சரித்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் பதினைந்து வயதில் படித்து முடித்துவிடுகிறான். அதன்பிறகு, தான் வாழும் நாட்டின் அரசியல் அமைப்பைப் பற்றியோ, வரி என்பது எதற்காக என்பதைப் பற்றியோ ஓர் உபாத்தியாயரின் வாயிலாகக் கேட்கும் சந்தர்ப்பம் அவனுக்கு ஆயுளில் வருவதில்லை. சரித்திரப் பிரிவை எடுக்கும் பெண்ணோ, தன் கடைசிக் கணக்கை அதே வயதில் போட்டு முடிக்கிறாள். பிற்காலத்தில் வங்கிக் கடனின் வட்டி விவரத்தையோ, பத்திரிகையில் வரும் ஒரு வரைபடத்தையோ பார்க்கும்போது, பிறர் சொல்வதை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு கதி இல்லை. இருவருமே நஷ்டப்பட்டவர்கள். நஷ்டம் வெளியில் தெரிவதில்லை என்பதனால் அதைப் பற்றி யாரும் முறையிடுவதுமில்லை.

2019-இல் இந்த நான்கையும் மூன்றாகக் குறைத்துக்கொள்ள இடமளித்து ஓர் அரசாணை பிறந்தது. பொறியியலை நாடுபவர்கள் உயிரியலையோ கணினியையோ தொடாமல், வைத்தியத்தை நாடுபவர்கள் கணிதத்தைத் தொடாமல், ஐந்தே பாடங்களுடன் மேல்நிலையை முடிக்கலாம் என்பது அதன் சாரம். சுமை குறையும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்ததே என்றாலும், ஏற்கெனவே குறுகிய வழியை மேலும் குறுக்கும் ஏற்பாடாகவே அது இருந்தது. 2020-இல் அது கைவிடப்பட்டது நன்மையே என்பது என் திடமான எண்ணம்.

அயல்நாடுகளின் அனுபவம்

விசேஷப் படிப்பை இளமையிலேயே தொடங்க வேண்டும் என்று வாதிப்பவர்களின் கட்சியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அந்தக் கட்சியை மிகவும் கண்ணியமாகவும் தெளிவாகவும் எடுத்துரைத்தவர்களைக் காண வேண்டுமானால் இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும். அங்கே 1951-இல் ஏ-லெவல் பரீட்சை ஏற்பட்டது முதல், பதினாறு வயதுக்கு மேல் பள்ளியில் தங்கும் மாணாக்கர் பெரும்பாலும் மூன்றே பாடங்களை எடுத்துக்கொண்டு அவற்றிலேயே இரண்டாண்டுகள் மூழ்கிக் கிடக்கிறார்கள். 1959-இல் வெளிவந்த கிரௌதர் அறிக்கை இந்த வழக்கத்தை ஆதரித்தது. பதினாறு வயதில் ஒரு நல்ல மாணவனுடைய மனம் எதையேனும் ஒன்றைத் தன்வசமாக்கிக்கொள்ளத் துடிக்கிறது என்றும், அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொள்வதே கல்வி என்றும் அந்த அறிக்கையை இயற்றியவர்கள் கருதினார்கள். இதில் பெரிய உண்மை இருக்கிறது. பல பாடங்களில் மேலோட்டமாகத் தடவிவிட்டு, ஒன்றிலும் "இது எனக்குத் தெரியும்" என்று நெஞ்சு நிமிர்ந்து சொல்ல முடியாத மாணவனுக்கு, தன் புத்தியின் மேல் நம்பிக்கை பிறப்பதே இல்லை. ஒரு கடினமான கணக்கோடு மூன்று நாள் மல்லாடி விடை கண்டவனுக்கோ, ஒரு காலத்துச் சரித்திரத்தைப் பல நூல்களில் படித்து அவற்றின் முரண்பாட்டை உணர்ந்தவனுக்கோ, அறிவு என்பது எத்தகைய உழைப்பினால் வருவது என்ற பிரத்தியட்ச ஞானம் உண்டாகிறது. அது பிற துறைகளுக்குப் போனாலும் அவனைக் கைவிடுவதில்லை.

ஆனால் அதே கிரௌதர் அறிக்கை, விஞ்ஞானம் படிப்பவர்கள் மொழித் திறனை இழந்துவிடாமலும், இலக்கியம் படிப்பவர்கள் எண்ணறிவை இழந்துவிடாமலும் காக்கவேண்டிய கடமையையும் வற்புறுத்தியது. அதே 1959-ஆம் ஆண்டில்தான், விஞ்ஞானியும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்நோ, கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய பிரசித்தமான சொற்பொழிவில், விஞ்ஞானிகளும் இலக்கியவாதிகளும் ஒரே நாட்டில் வாழ்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகிவிட்டதைச் சொல்லி வேதனைப்பட்டு, அதற்குரிய காரணங்களுள் ஒன்றாக இங்கிலாந்துப் பள்ளிகளின் அதீதமான விசேஷப் படிப்பைக் குறிப்பிட்டார்.

அருகிலேயே இருக்கும் ஸ்காட்லாந்தின் வழி வேறு. அங்கே பள்ளியின் இறுதிக் கட்டத்தில் ஐந்து பாடங்களை எடுப்பது வழக்கம். சர்வகலாசாலையிலும் பட்டத்துக்கு நான்காண்டுகள் ஆவதனால், முதலிரண்டு ஆண்டுகளில் பல துறைகளைப் பார்த்துவிட்டே ஒன்றைத் தேர்கிறார்கள். இந்த இரு நாட்டுப் பட்டதாரிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஓஃபர் மலமுட் என்ற பொருளாதார அறிஞர், தாம் படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத உத்தியோகத்துக்கு மாறிப் போவோர் இங்கிலாந்துப் பட்டதாரிகளிடையே அதிகம் என்று கண்டார். தன்னைத் தான் அறியுமுன் தேர்ந்தெடுக்க நேர்ந்தவர்கள், பின்னால் அந்தத் தேர்வை விட்டு விலகுகிறார்கள் என்பது இதன் பொருள்.

ஜெர்மனியின் பெரும்பான்மை மாநிலங்களில் நாலாம் வகுப்போடு, ஏறத்தாழப் பத்து வயதில், குழந்தைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பின்லாந்திலோ 1970-களின் சீர்திருத்தத்துக்குப் பின் ஒன்பதாண்டுகள் எல்லோரும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். பல நாடுகளை ஒப்பிட்டு ஹனுஷெக், வோஸ்மன் என்ற இரு அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இளமையிலேயே பிரிப்பது ஏற்றத்தாழ்வை அதிகரிக்கிறது என்றும், அதனால் பொதுவான தரம் உயர்ந்ததாகத் தெரியவில்லை என்றும் கூறுகிறது. எத்தனை இளமையில் பிரிக்கிறோமோ, அத்தனைக்கு அந்தப் பிரிவினையைத் தகப்பனாரின் அந்தஸ்தே தீர்மானிக்கிறது.

இவற்றுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது, 1968-இல் ஜெனீவாவில் தோன்றிய சர்வதேச பக்கலோரியா திட்டம். அதில் மாணாக்கர் ஆறு பாடங்கள் படிக்கிறார்கள். தாய்மொழி, மற்றொரு மொழி, சமூகவியல், விஞ்ஞானம், கணிதம் ஆகியவற்றில் எதையும் முழுதாக விட்டுவிட முடியாது. ஆனால் பொதுவாக மூன்றை உயர்ந்த நிலையிலும் மூன்றைச் சாதாரண நிலையிலும் படிக்கலாம். ஆழமும் விசாலமும் ஒன்றுக்கொன்று பகையென்று எண்ணாமல், அளவில் மட்டும் வேறுபடுத்திய விவேகம் அதில் இருக்கிறது. அந்தப் பள்ளிகளின் கட்டணம் நம்மில் மிகச் சிலருக்கே கட்டுப்படியாகும். ஆயினும் அதன் தத்துவத்தை எந்த ஏழைக் குடும்பமும் தன் வீட்டில் கைக்கொள்ளலாம். அதற்குரிய வழியைப் பின்னால் சொல்கிறேன்.

ராமானுஜன் என்ற உதாரணம்

இந்த விவாதம் எழும்போதெல்லாம் கணித மேதை ராமானுஜனின் பெயர் எடுத்துச் சொல்லப்படுகிறது. 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த அவர், கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் விட்டதனால் அந்தச் சம்பளத்தை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. "பார்த்தீர்களா, பல பாடங்களைத் திணித்ததனால் ஒரு மேதை படிப்பைத் தொடர முடியாமற் போயிற்று" என்று பலர் வாதிக்கிறார்கள். அவர் பட்ட துன்பத்தை நினைத்தால் யாருக்கும் மனம் உருகும். ஆனால் அவருக்குத் தீங்கு செய்தது ஆங்கிலமும் உடலியலும் அல்ல. ஒரு பாடத்தில் தவறினால் எல்லாப் பாடங்களிலும் தவறியதாகவே கொள்ளும் பரீட்சை விதிதான். பலவற்றைக் கற்பிக்க வேண்டும் என்பது வேறு, எல்லாவற்றிலும் ஒரே அளவில் தேறினால்தான் மேலே போகலாம் என்பது வேறு.

மேலும் அத்தகைய மேதை யாருடைய வீட்டிலேனும் பிறந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டி நூல் வேண்டியதில்லை; குழந்தையைத் தடுத்தாலும் அது நிற்காது. பிள்ளைக்குக் கணிதத்தில் நூறு மதிப்பெண் வந்திருக்கிறது என்பதைக் கொண்டே அவனை ராமானுஜன் என்று முடிவு கட்டி, மற்ற எல்லாவற்றையும் அவனிடமிருந்து பறித்துவிடுவது பெரும் பாதகம்.

சங்கீதம், நாட்டியம், விளையாட்டு ஆகியவற்றின் நிலை வேறு. அவற்றில் குரலும் விரலும் உடலும் இளமையிலேயே பழகியாக வேண்டும்; பதினெட்டு வயதுக்குப் பின் வீணையைத் தொடுகிறவர் வித்துவானாவது அரிது. ஆகையால் அத்தகைய குழந்தைகளுக்கு விசேஷப் பயிற்சியை ஆறேழு வயதில் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அது பள்ளிப் படிப்புக்குப் பக்கத்தில் நடக்கட்டும், அதன் இடத்தில் வேண்டாம். விசுவநாதன் ஆனந்த் 1987-இல் உலக இளைஞர் சதுரங்கப் பட்டத்தையும் அடுத்த ஆண்டில் கிராண்ட் மாஸ்டர் பட்டத்தையும் பெற்றவர். அவர் சென்னை லயோலாக் கல்லூரியில் வணிகவியலும் படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் சரிதம் வேறொரு வகையில் நமக்குப் போதனை தருவது. அவர் பரோடாவில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் 1976-இல் பௌதிகத்திலேயே டாக்டர் பட்டமும் பெற்ற பிறகு, உயிரியலின் மேல் நாட்டம் உண்டாகி, மறுபடியும் ஒரு சாதாரண மாணவராகச் சேர்ந்து அதைக் கற்றார்; ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததோ ரசாயனத்தில். பதினைந்து வயதில் நாம் குழந்தைக்குப் போட்டுக் கொடுக்கும் பாதை அதன் முப்பதாவது வயதில் எங்கே திரும்பும் என்பதை எவரும் சொல்ல முடியாது. திரும்புவதற்குரிய பலத்தை மட்டும் நாம் தரலாம்.

எந்தக் கதவுக்கு எந்தச் சாவி

ஆகவே பெற்றோர் முதலில் செய்யவேண்டியது, எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் மெய்யாகவே அவசியம் என்பதைத் தெரிந்துகொள்வது. இதில் நம்மவரிடையே நிலவும் அச்சம் உண்மையைவிடப் பன்மடங்கு பெரியது. பொறியியலுக்குக் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும் வேண்டும். வைத்தியத்துக்குப் பௌதிகமும் ரசாயனமும் உயிரியலும் வேண்டும். இவ்விரண்டையும் இவற்றைச் சார்ந்த படிப்புகளையும் நீக்கிவிட்டால், பெரும்பாலான கதவுகள் எல்லாப் பிரிவினருக்கும் திறந்தே இருக்கின்றன. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவும் போதும். சார்ட்டர்ட் அக்கௌண்டன்ட் ஆவதற்குரிய முதற்பரீட்சையை விஞ்ஞானம் படித்தவரும் எழுதலாம். ஐ.ஏ.எஸ். முதலிய மத்திய தேர்வுகளுக்கும், தமிழ்நாட்டின் குரூப் ஒன்று தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பட்டத்திற்குக்கூட, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால், பிளஸ் டூவில் எந்தப் பிரிவானாலும் தகுதித் தேர்வின் வழியாகச் சேர இடம் உண்டு. கல்லூரிகளின் நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் விவரக் குறிப்பை வாங்கிப் பார்த்தே நிச்சயிக்க வேண்டும்.

இவ்வாறு ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஓர் உண்மை புலப்படும். விட்டுவிட்டால் மிக அதிகமான கதவுகளைச் சாத்திவிடும் பாடம் கணிதமே. பொறியியல் மட்டுமல்லாமல், கட்டடக் கலை, பௌதிகப் பட்டம், புள்ளியியல், தேசியப் பாதுகாப்பு அகாதமியின் விமானப்படை, கடற்படைப் பிரிவுகள், டெல்லி போன்ற சர்வகலாசாலைகளில் பொருளாதார ஆனர்ஸ் ஆகிய அனைத்தும் மேல்நிலைக் கணிதத்தைக் கேட்கின்றன. ஆகையால் குழந்தைக்குக் கணிதம் சுமாராகவேனும் வருமானால், கணிதம் உள்ள பிரிவையே எடுக்கச் சொல்வேன். வணிகவியலில்தான் அதற்கு ஆசை என்றால், வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த பிரிவு எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று விசாரித்து, இரண்டு மைல் அதிகம் போகவேண்டியிருந்தாலும் அங்கே சேருங்கள். கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள முதற்பிரிவு, இன்னும் மனம் ஒரு முடிவுக்கு வராத நல்ல மாணாக்கருக்கு ஏற்றது. ஆனால் பத்தாம் வகுப்பிலேயே திணறிய குழந்தையின் தலையில், "எதற்கும் இருக்கட்டும்" என்று அந்த நான்கு பாரத்தையும் ஏற்றிவைப்பது, நான்கில் ஒன்றுகூட உருப்படாமல் போவதற்கே ஹேதுவாகும்.

"அப்பா, எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை சொன்னால், உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். எந்த வகுப்பிலிருந்து வராமற் போயிற்று, அந்த ஆண்டில் யார் கற்பித்தார், இடையில் நோயோ பள்ளி மாற்றமோ நேர்ந்ததா என்று நிதானமாக விசாரியுங்கள். பெரும்பாலான குழந்தைகள் வெறுப்பது கணிதத்தை அன்று. அதைக் கற்பித்தவருடைய பிரம்பையோ பரிகாசத்தையோதான். அத்தகைய வெறுப்பு, ஒரு நல்ல உபாத்தியாயரிடம் இரண்டு மாதம் பழகினால் நீங்கிவிடக்கூடும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை ருசிக்கு அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஐந்து பாடங்களிலும் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய குழந்தைக்கு எதில் நாட்டம் என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது. தேர்வு முடிந்தபின் வரும் விடுமுறையில், பதினோராம் வகுப்பின் பௌதிகம், கணக்குப்பதிவியல், வரலாறு, உயிரியல் ஆகிய பாடநூல்களை வரவழையுங்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் முதற்பாடத்தைக் குழந்தை தானே படிக்கட்டும். எது பிடித்திருந்தது என்று கேட்பதைவிட, எதில் புரியாத இடம் வந்தபோது மறுநாளும் அதைத் தேடிப் போயிற்று என்பதைக் கவனியுங்கள். சிரமத்தின் நடுவிலும் மனத்தை இழுக்கும் பாடமே அதன் பாடம்.

எட்டாம் வகுப்பில் தொடங்கும் பயிற்சி

இப்பொழுது பல பள்ளிகளில் "ஃபவுண்டேஷன்" என்ற பெயரால், எட்டாம் வகுப்பிலும் அதற்கு முன்னும்கூட, நீட், ஜே.இ.இ. தேர்வுகளுக்குப் பயிற்சி தொடங்கிவிடுகிறார்கள். இதை நான் முழுமனத்தோடு எதிர்க்கிறேன். நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கும், பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் தலா 180-உம் உரியவை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சரித்திரத்துக்கும் அங்கே இடமில்லை. ஆகையால் அந்தப் பயிற்சிக்கு வேண்டிய நேரம், சமூகவியல் வகுப்பிலிருந்தும், நூலக வகுப்பிலிருந்தும், விளையாட்டு மைதானத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பு வரையிலான ஆண்டுகள்தாம் நம் குழந்தைகளுக்கு எஞ்சியிருக்கும் பொதுக் கல்வி. அதையும் பறித்துக்கொண்டால் பதிமூன்று வயதிலேயே சரித்திரமும் இலக்கியமும் முடிந்துபோகும்.

இதற்கு இணையான மற்றொரு தீமை, பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒப்புக்கு நடத்திவிட்டு, முதலாண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைத் தொடங்கிவிடுவது. இதைத் தடுக்கும் நோக்கத்தோடு கொண்டுவரப்பட்ட பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018-இல் முதன்முறையாக நடந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அது கைவிடப்பட்டது. பிள்ளைகளின் பதற்றம் குறைந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் வெளியிலிருந்த காவல் நீங்கியதனால், காக்கும் பொறுப்பு இப்போது பெற்றோரைச் சேர்ந்தது. சேர்க்கையின்போது கால அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்; தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வாரத்தில் எத்தனை வகுப்புகள், பதினோராம் வகுப்பிலேயே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போகிறார்களா, நூலகம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கட்டணம் கட்டுகிறவர்களும் கட்டாதவர்களும் சமமாகவே கேட்கும் உரிமையுள்ள கேள்விகள் இவை.

பள்ளியை மாற்றுமுன் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, விரும்பிய பிரிவுக்காகவோ பெயருக்காகவோ பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், வைத்தியம், பொறியியல், சட்டம் முதலிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணாக்கருக்கென்று ஒதுக்கிய 7.5 சதவீத இடத்திற்குரிய தகுதி போய்விடும். பெண்ணாக இருந்தால், கல்லூரிக் காலத்தில் மாதந்தோறும் கிடைக்கும் புதுமைப் பெண் உதவித்தொகை 1000 ரூபாயும் கைவிட்டுப் போகலாம்.

குடும்பத்தின் வருமானம் இடங்கொடாமையால் சீக்கிரம் சம்பாதிக்கவேண்டிய பிள்ளைக்குப் பாலிடெக்னிக் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டில் டிப்ளமா. அதன்பின் விருப்பமும் வசதியும் இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். ஆகவே இது குறுகிய வழியாக இருந்தாலும் முட்டுச்சந்து அன்று. இயந்திரத்தைக் கையாண்டு கற்கும் அறிவை நான் தாழ்ந்ததாகக் கருதுவதில்லை. கருதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது

எந்தப் பிரிவானாலும், பிரிவு விட்டுவிட்டதை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீட்டில் கொடுக்கலாம். விஞ்ஞானப் பிரிவு மாணாக்கர், அந்த வாரம் பௌதிகத்திலோ உயிரியலிலோ கற்ற ஒன்றை, பாடநூலின் சொற்களை விட்டுத் தம் சொந்தத் தமிழில், பாட்டிக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதட்டும். எழுத வராத இடமே புரியாத இடம் என்பது தானே விளங்கும். நாளிதழின் தலையங்கத்தை உரக்கப் படித்து, அதில் சொல்லப்படும் சட்டமோ வரியோ என்ன என்று வீட்டில் பேசுங்கள். கலைப்பிரிவு, வணிகப்பிரிவு மாணாக்கர், வீட்டு மின்கட்டணச் சீட்டையும், நகைக்கடன் ரசீதையும், மாவட்டத்தின் மழை அளவையும் எடுத்துக்கொண்டு, சதவீதமும் வட்டியும் சராசரியும் கணக்கிடட்டும். ஏதேனும் ஒரு விஞ்ஞான நூலை மாதத்துக்கு ஒன்றாகக் கிளை நூலகத்திலிருந்து எடுத்துப் படிக்கட்டும். இதற்குப் பணம் தேவையில்லை. பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்திருப்பது தேவை.

தவறான பிரிவில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால், பாட ஆண்டின் முதற்சில வாரங்களிலேயே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். அப்போது மாற்றிக் கொடுப்பது பல பள்ளிகளில் சாத்தியம். காலாண்டுத் தேர்வு கடந்தபின் அது மிகவும் அரிது. போகும்போது பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள், அவனோ அவளோ தன் வாயால் காரணத்தைச் சொல்லட்டும். காலம் கடந்துவிட்டிருந்தால், எடுத்த பிரிவில் தேறுவதற்கு வேண்டியதை ஒழுங்காகப் படித்துக்கொண்டே, பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போதே, எல்லாப் பிரிவினரையும் ஏற்கும் பட்டப் படிப்புகளின் விவரக் குறிப்புகளைத் திரட்டி வையுங்கள். உயிரியல் படித்த பெண் சட்டமோ சரித்திரமோ படிக்க, பெரும்பாலான கல்லூரிகளில் தடை ஏதும் இல்லை.